"கால் போகுதே, அப்புறம் என்ன?"

ஓர் அலுவலகத்தில், உள் போன்களையும் வெளி லைன்களையும் இணைக்கிற கேட்வே பெட்டியை மாட்டும் வேலை எப்படி முடியும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். எஞ்சினியர் மேசை போனிலிருந்து தன் மொபைலுக்கு ஒரு கால் போடுவார், மணி அடிக்கும். மொபைலிலிருந்து அலுவலக எண்ணுக்கு ஒரு கால். ரிசப்ஷனில் மணி அடிக்கும். "இன்கமிங், அவுட்கோயிங் ரெண்டும் ஓகே சார், கையெழுத்து போட்டுடுங்க" என்பார். அட்மின் மேலாளர் போடுவார். ஏதாவது சந்தேகம் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "கால் போகுதே சார், அப்புறம் என்ன?"

இது சோம்பேறித்தனத்தில் வருகிற பேச்சு அல்ல. நன்றாக வேலை தெரிந்தவர்களும் நம்புகிற ஒரு கருத்து இதற்குப் பின்னால் இருக்கிறது. எண்ணை வெட்டுவதும் ஒட்டுவதும் சில்லறை வேலை. வெளி லைன் எந்த வடிவத்தில் கேட்கிறதோ அந்த வடிவத்தில் கொடுத்தால் முடிந்தது. அதை எந்த இடத்தில் செய்தோம் என்பது முக்கியமல்ல. விதிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு தொல்லை குறைவு. எதற்கும் பொருந்தாத எண்ணுக்கெல்லாம் கடைசியில் ஒரு பொதுவழி வைத்துவிட்டால் மீதியை சர்வீஸ் கொடுக்கிற கம்பெனி பார்த்துக்கொள்ளும். இந்தக் கருத்து தவறு என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனமில்லை. இது பணத்தைக் கரைக்கிறது, ஆட்களைச் சட்டச் சிக்கலில் இழுத்துவிடுகிறது, மோசமான நேரத்தில் உயிரோடும் விளையாடுகிறது.

என் வாதம் இதுதான். கேட்வேக்குள் நுழைகிற ஒவ்வொரு எண்ணும், வாசலிலேயே, நாட்டுக் குறியீட்டோடு கூடிய முழு எண்ணாக மாற வேண்டும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இ.164 என்ற பரிந்துரையில் வகுத்திருக்கிற வடிவம் அது; நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து அதிகபட்சம் 15 இலக்கம். எந்த வழியில் அனுப்புவது என்ற முடிவை அந்த முழு எண்ணை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். வெளியேறும் வாசலில், அந்த லைனுக்கு வேண்டியபடி வெட்டிக்கொள்ளலாம், சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் யாரும் கை வைக்கக் கூடாது.

எங்கே செய்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு சேலத்திலிருந்து ஓர் உதாரணம் காட்டுகிறேன். அங்கே ஓர் அலுவலகம், வெளி லைனுக்கு 0 அழுத்துகிற வழக்கம். சென்னையில் ஒரு லேண்ட்லைனைக் கூப்பிட வேண்டும். மேசை போனில் முதலில் வெளி லைனுக்கான 0, பிறகு 044, பிறகு எட்டு இலக்கம். கேட்வேக்கு வந்து சேருவது 0044 என்று தொடங்கும் 12 இலக்கம். அதே அலுவலகத்தில் ஏற்றுமதிப் பிரிவு லேப்டாப் மென்பொருளிலிருந்து பேசுகிறது. அங்கே வெளி லைனுக்கு 0 கிடையாது. வாடிக்கையாளர் பெயரைத் தட்டினால் சேமித்து வைத்த எண் அப்படியே போகும். லண்டன் வாடிக்கையாளரின் எண் 0044 20 என்று தொடங்கி 14 இலக்கமாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. சென்னையின் எஸ்டிடி கோடு 44. பிரிட்டனின் நாட்டுக் குறியீடும் 44. இப்போது கேட்வேயின் வயிற்றில் 0044 என்று தொடங்கும் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று அண்ணா சாலைக்குப் போக வேண்டும், மற்றது லண்டனுக்கு.

"கால் போனால் போதும்" என்கிறவர் இதை எப்படித் தீர்ப்பார்? இலக்கங்களை எண்ணுவார். 12 என்றால் சென்னை, 14 என்றால் லண்டன். வேலை செய்யும்; அன்றைக்குக் கையெழுத்தும் கிடைக்கும். ஆனால் பிரிட்டனில் எல்லா எண்களும் ஒரே நீளம் இல்லை. ஓர் இலக்கம் குறைந்தவையும் உண்டு. அந்த 13 எந்தக் கணக்கிலும் வராது. மேசை போனில் வெளி லைனுக்கான 0 போட மறந்த ஒருவர் லண்டனுக்கு 0044 என்றே ஆரம்பித்தால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு இலக்கமாக வருகிறபோது, 12வது வந்ததும் கேட்வே அனுப்பிவிடும். மீதி இரண்டு இலக்கம் காற்றில் போகும். அந்தச் சென்னை எண் யாருக்காவது இருந்தால் அவர் எடுத்து "யாருங்க?" என்பார். இதைத் தடுக்கக் காத்திருக்கச் சொன்னால், சென்னைக்கு அழைக்கிற எல்லோரும் ஒவ்வொரு முறையும் காத்துக் கிடக்க வேண்டும். சிஸ்கோ கேட்வேயில் அடுத்த இலக்கத்துக்கான காத்திருப்பு, யாரும் மாற்றாவிட்டால், 10 நொடி. போனைக் காதில் வைத்துக்கொண்டு பத்து நொடி அமைதியைக் கேட்கிறவர், லைன் செத்துவிட்டது என்று வைத்துவிடுவார்.

வாசலிலேயே மாற்றினால் இந்த இரண்டு எண்களும் குழம்ப இடமில்லை. மேசை போன்களின் வாசலில் முதல் 0 வெளி லைனுக்கானது என்பது உறுதி. அதை வெட்டு, மிச்சம் 044 என்று தொடங்கினால் 0க்குப் பதில் 91 வை. லேப்டாப் மென்பொருளின் வாசலில் 00 என்றால் வெளிநாடு என்பது உறுதி. அதை மட்டும் வெட்டு. உள்ளே போன பிறகு ஒன்று 91 44 என்று இருக்கும், மற்றது 44 20 என்று இருக்கும். இரண்டும் முட்டிக்கொள்ளவே முடியாது. கவனிக்க வேண்டியது இதுதான்: இந்த எண் யார் கையிலிருந்து வந்தது, அவர் எந்த வழக்கப்படி அழுத்தினார் என்கிற தகவல் வாசலில் மட்டுமே இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் அது போய்விடுகிறது. வெளி வாசலில் நின்றுகொண்டு எத்தனை விதி எழுதினாலும் போன தகவல் திரும்பாது, ஊகம்தான் மிஞ்சும். எண்ணை எங்கே மாற்றினால் என்ன என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

உபகரணம் செய்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஆடியோகோட்ஸ் கேட்வேயில் எண்ணை மாற்றிவிட்டு வழி தேட வேண்டுமா, வழி தேடிவிட்டு மாற்ற வேண்டுமா என்று கேட்பதற்கே தனி அமைப்பு வைத்திருக்கிறார்கள். சிஸ்கோவில் அழைப்பை எண் பார்த்துப் பொருத்துகிற அமைப்புக்கு டயல் பியர் என்று பெயர்; உள்ளே வரும் டயல் பியருக்குத் தனி மாற்ற விதி, வெளியே போகும் டயல் பியருக்குத் தனி மாற்ற விதி. ஒரு நுணுக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. உள்ளே வரும் அழைப்பு நாம் எழுதிய எந்த டயல் பியரோடும் பொருந்தாவிட்டால் கேட்வே அதை மறுப்பதில்லை. 0 என்கிற உள்ளமைந்த டயல் பியரில் சேர்த்துக்கொள்கிறது. அதில் நாம் எதையும் மாற்ற முடியாது. நம் மாற்ற விதிகளும் அதில் தொங்குவதில்லை. கால் போகும். எண் மட்டும் வந்த கோலத்திலேயே உள்ளே உலவும். போய்விட்ட கால் சரியான காலுக்குச் சான்று இல்லை என்பதற்கு இதுவே போதும்.

"விதி குறைவு, தப்பு குறைவு" என்ற வாதத்துக்கு வருகிறேன். நாட்டுக் குறியீட்டை எடுக்க வேண்டும். தொடக்கத்தில் 91 இருந்தால் வெட்டு என்று ஒரே விதி எழுதுகிறார்கள். சின்ன விதி, அழகான விதி. 91 என்று தொடங்கும் பத்து இலக்க மொபைல் எண்கள் நம் ஊரிலேயே எத்தனையோ பேரிடம் இருக்கின்றன. அப்படி ஒரு எண் நாட்டுக் குறியீடு இல்லாமல் வந்தால், அதன் தலை போய் எட்டு இலக்கம் மிஞ்சும். சென்னை லேண்ட்லைனும் எட்டு இலக்கம்தான். மொபைலுக்குப் போக வேண்டியது சென்னையில் எங்கோ ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கும், அல்லது "இந்த எண் உபயோகத்தில் இல்லை" என்ற குரலில் முடியும். விதியை நீளத்தோடு சேர்த்து எழுதியிருந்தால், 91க்குப் பின் சரியாகப் பத்து இலக்கம் இருந்தால் மட்டும் வெட்டு என்றிருந்தால், இது நடக்காது. விதி நீண்டுவிட்டதே என்பார்கள். நீளட்டும். தொடக்கத்தைக் குறிக்கிற ^ குறியை விட்டுவிட்டு, 9ஐ வெட்டு என்று மட்டும் எழுதி, எண்ணின் நடுவிலிருக்கும் 9 பறிபோவதை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். சுருக்கத்தை அழகு என்று கொண்டாடுவதன் விலை அது.

2021இல், எண்ணை அங்கங்கே ஒட்டுவது, முழு எண்ணை உள்ளே வைப்பது என்ற இரண்டு வழிகளும் நாடு முழுக்கப் பரீட்சைக்கு உட்பட்டன. லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு அழைத்தால் முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 மே மாதம் பரிந்துரைத்தது. 2021 ஜனவரி 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மொபைலுக்கு இன்னும் 254 கோடிக்கு மேல் புது எண்கள் கிடைக்க வழி செய்வது நோக்கம். வீட்டு லேண்ட்லைன் வைத்திருந்தவருக்கு அது ஒரு சின்னப் பழக்க மாற்றம். ஒரே இணைப்பில் பல அழைப்புகளைச் சுமக்கிற பிஆர்ஐ லைன் வைத்திருந்த அலுவலகங்களுக்கு அப்படி இல்லை. எண்களை அங்கங்கே ஒட்டி வைத்திருந்த இடங்களில் ஸ்பீடு டயல் பட்டன்களைத் திருத்தினார்கள், வாடிக்கையாளர் பட்டியல்களைத் திருத்தினார்கள், மொபைலுக்குத் திருப்பிவிட்ட எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். ஆள் இல்லாத நேரத்தில் தானாக அழைக்கிற அலாரம் பெட்டியை மறந்தார்கள். முழு எண்ணை உள்ளே வைத்திருந்த இடத்தில் மாறியது வெளி வாசலில் ஒரே ஒரு விதி: 91க்குப் பின் 6, 7, 8, 9இல் ஏதாவது ஒன்றோடு தொடங்கும் பத்து இலக்கம் என்றால், 91ஐ எடுத்துவிட்டு 0 வை. உள்ளே ஒரு எண்ணையும் யாரும் தொட வேண்டியிருக்கவில்லை. எண் திட்டம் இனியும் மாறும். மாறுகிறபோது எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டும் என்பதை இன்றைய அமைப்பே தீர்மானித்துவிடுகிறது.

கடைசியில் வைக்கிற பொதுவழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேட்வேக்குத் தெரியாத எண்ணை அலுவலகத்தின் உள் எக்ஸ்சேஞ்சான பிபிஎக்ஸுக்கு அனுப்பு என்று இங்கே ஒரு விதி. பிபிஎக்ஸுக்குத் தெரியாத எண்ணை கேட்வேக்கு அனுப்பு என்று அங்கே ஒரு விதி. கம்பெனிக்கு 100 நேரடி எண்கள் கொடுத்திருக்கிறார்கள், 60 பேருக்குத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒதுக்காத ஓர் எண்ணுக்கு யாரோ தெரியாமல் அழைத்தால், அந்த ஒரு அழைப்பு வெளியே போய், திரும்ப உள்ளே வந்து, மறுபடி வெளியே போய், ஒரு பிஆர்ஐயில் இருக்கிற 30 சேனலையும் சில நொடிகளில் அடைத்துவிடும். இணையவழி அழைப்புகளுக்கான சிப் நெறிமுறையில் எத்தனை தாவலுக்குப் பிறகு நிறுத்துவது என்று ஒரு கணக்கு உண்டு, வழக்கமாக 70. ஆனால் நடுவில் பிஆர்ஐ வந்துவிட்டால் அந்தக் கணக்கு அதைத் தாண்டுவதில்லை. வெளிநாட்டுக்கும் அதே பொதுவழி திறந்திருந்தால், சிப் அழைப்புகள் வரும் 5060 போர்ட்டை ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும் திருட்டுக் கும்பல் ஒரு சனிக்கிழமை இரவில் உள்ளே புகுந்து, திங்கட்கிழமை காலைக்குள் அதிகக் கட்டணமுள்ள வெளிநாட்டு எண்களுக்குப் பேசி முடித்திருக்கும். சிஸ்கோ தன் 15.1(2)டி பதிப்பிலிருந்து, நம்பிக்கைக்குரிய முகவரிப் பட்டியலில் இல்லாத இடத்திலிருந்து வரும் அழைப்பை மறுப்பதை இயல்பான அமைப்பாகவே ஆக்கியது. அதையும், "கால் போகலை" என்ற ஒரே காரணத்துக்காக, அணைத்துவைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

இனி நான் நிஜமாகவே கோபப்படுகிற இடம். நம் ஊர் லாட்ஜ்களிலும் சிறிய மருத்துவமனைகளிலும் எக்ஸ்டென்ஷன் எண்களை எப்படிப் போடுகிறார்கள் என்று பாருங்கள். முதல் மாடி அறைகள் 101, 102, 103. அறை எண்ணே போன் எண். 108ஆம் அறைக்கு 108. 112ஆம் அறைக்கு 112. நடு இரவில் நெஞ்சு வலியோடு ஒருவர் ஆம்புலன்ஸுக்கு 108 அழுத்துகிறார். பக்கத்து அறையில் தூங்குகிறவரின் போன் அடிக்கிறது. 101 அழுத்தினால் தீயணைப்புக்குப் போகாமல் படிக்கட்டுக்குப் பக்கத்து அறைக்குப் போகிறது. எல்லா எண்களும் "வேலை செய்கின்றன". கையெழுத்து போட்ட நாளில் யாரும் 108 அழுத்திப் பார்க்கவில்லை.

இது மிகைப்படுத்தல் என்று நினைக்கிறவர்கள் அமெரிக்காவில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2013 டிசம்பரில், டெக்சாஸ் மாநிலம் மார்ஷல் நகரத்தில் ஒரு ஹோட்டல் அறையில் கேரி ஹன்ட் என்ற பெண் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். கூட இருந்த ஒன்பது வயது மகள், சொல்லிக்கொடுத்தபடியே 911 அழுத்தினாள். நான்கு முறை அழுத்தினாள். ஒரு முறையும் போகவில்லை. அந்த ஹோட்டலில் வெளி லைனுக்கு முதலில் 9 அழுத்த வேண்டும். அது குழந்தைக்குத் தெரியாது. கேரியின் தந்தை ஹேங்க் ஹன்ட் விடாமல் போராடினார். 2018 பிப்ரவரி 16 அன்று கேரி பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. 2020 பிப்ரவரி 16க்குப் பிறகு விற்கப்படுகிற, பொருத்தப்படுகிற பல லைன் தொலைபேசி அமைப்பு எதுவானாலும், முன்னால் எந்த எண்ணும் இல்லாமல் நேராக 911 போக வேண்டும். அழைப்பு போனதும் அந்தக் கட்டடத்தில் பொறுப்பானவருக்குத் தகவலும் போக வேண்டும். அந்த ஹோட்டலின் பிபிஎக்ஸும் அதற்கு முன்னால் "கால் போகுதே" என்ற தேர்வில் தேறியதாகத்தான் இருந்திருக்கும்.

108, 112, 100, 101 ஆகிய எண்களுக்கு கேட்வேயில் எல்லாவற்றுக்கும் மேலே தனி விதி வேண்டும். முன்னால் 0 போட்டாலும் போடாவிட்டாலும் போக வேண்டும். லாட்ஜில் அறை எண் மாற முடியாவிட்டால் போன் எண் மாறட்டும். 108ஆம் அறைக்கு 2108 என்று வைப்பதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. கிளை அலுவலகங்களின் அழைப்புகளையெல்லாம் சென்னைக்கு இழுத்து அங்கிருந்து வெளியே விடுகிற கம்பெனிகள், அவசர அழைப்பை மட்டுமாவது அந்தந்த ஊர் லைனிலேயே விட வேண்டும். திருநெல்வேலியிலிருந்து உதவி கேட்பவரின் அழைப்பில் சென்னை எண் தெரிந்தால், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் திருப்பி அழைக்கும்போது எடுக்கப்போவது சென்னை ரிசப்ஷன்.

அழைக்கிறவரின் எண்ணுக்கும் இதே கதைதான். அதைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை, அழைக்கப்படும் எண் சரியாக இருந்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எண்ணோடு சேர்ந்து அதன் வகையும் பயணிக்கிறது: உள்நாடா, வெளிநாடா, வகை தெரியாததா என்று. சென்னை லேண்ட்லைனிலிருந்து 0ஐ வெட்டி 44 என்று தொடங்கும் பத்து இலக்கத்தை அனுப்புகிற ஒருவர், வகையை வெளிநாடு என்று விட்டுவிட்டால், இடையில் யாரும் திருத்தாதபோது எதிர்முனை மொபைலில் +44 என்று தெரியும். பார்க்கிறவர் பிரிட்டனிலிருந்து மோசடிக் கால் என்று துண்டிப்பார். திருப்பி அழைக்கிறவருக்கும் இணைப்பு கிடைக்காது. அது வங்கியோ மருத்துவமனையோ என்றால் அந்தத் தவறிய அழைப்பின் கனம் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே சட்டமும் வந்துவிட்டது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், தொலைத்தொடர்பு அடையாளங்களைத் திரிப்பதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று வைத்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து இந்திய எண் வேடத்தில் வரும் அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய அமைப்பு, முதல் 24 மணி நேரத்தில் 1.35 கோடி அழைப்புகளைப் பிடித்ததாக அறிவித்தது. சிங்கப்பூர் அலுவலகத்துக்கு வந்த இந்திய வாடிக்கையாளரின் அழைப்பை, அவர் எண்ணோடு அப்படியே, சிங்கப்பூர் லைன் வழியாக இந்திய மொபைலுக்குத் திருப்பிவிடுகிற கம்பெனி ஒரு தவறும் நினைக்கவில்லை. ஆனால் அந்த அழைப்பு வெளியிலிருந்து பார்க்க மோசடி அழைப்பின் அதே உருவத்தில் இருக்கிறது. நடுவழியில் நிறுத்தப்பட எல்லா வாய்ப்பும் உண்டு. எண்ணை எந்த வாசலில், எந்த உரிமையில் மாற்றுகிறோம் என்பதற்கு எழுத்தில் கணக்கு வைத்திருப்பவருக்குத்தான் நாளைக்குக் கேள்வி வந்தால் பதில் இருக்கும்.

எதிர்த்தரப்பில் நியாயம் இருக்கிற இடத்தையும் சொல்ல வேண்டும். ஒரே லைன், எட்டு போன், ஒரு கிளினிக் என்றால் நாட்டுக் குறியீட்டோடு எண்ணைச் சுமக்க வேண்டிய அவசியம் இல்லை. அங்கே அவசர எண்கள் நேராகப் போனால் போதும், மற்றதை நான் வற்புறுத்த மாட்டேன். இரண்டாவது லைன், இரண்டாவது கிளை, அல்லது லேப்டாப்பில் பேசுகிற முதல் ஆள் வந்த அன்றைக்கு அந்தச் சலுகை முடிகிறது.

கிளவுட் வந்துவிட்டது, கேட்வே காலம் போய்விட்டது என்பதில் மட்டும் எனக்கு ஒரு துளியும் உடன்பாடில்லை. மைக்ரோசாஃப்ட் டீம்ஸை வெளி லைனோடு இணைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது தன் பக்கத்தில் எண்ணை + குறியோடு, நாட்டுக் குறியீட்டோடு வைத்துக்கொள்கிறது. உங்கள் ஊர் லைனோ 0 கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பெட்டியின் பெயர் மாறியிருக்கலாம், வேலை மாறவில்லை. கிளவுட்காரர்கள் முழு எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், எந்த ஊர் வழக்கத்தையும் நம்பி அவர்களால் உலகம் முழுக்க வழி காட்ட முடியாது என்பது. இரண்டு ஊரில் கிளை வைத்திருக்கிற கம்பெனிக்கும் அளவு சிறியதே தவிரச் சிக்கல் அதேதான்.

ஆகவே கையெழுத்து போடுகிற அட்மின் மேலாளர்களிடம் என் வேண்டுகோள். அடுத்த பர்சேஸ் ஆர்டரில் ஒரு பக்கம் சேருங்கள். எந்தெந்த வாசலில் எண் எந்த வடிவத்தில் வருகிறது, உள்ளே எப்படி ஆகிறது, எந்த லைனில் எப்படி வெளியேறுகிறது என்ற அட்டவணையை, கேட்வே மாட்டுகிறவர் எழுதித் தர வேண்டும். உங்கள் முன்னால் அவர் அழுத்திக் காட்ட வேண்டியவை: உள்ளூர் லேண்ட்லைன், வேறு ஊர் லேண்ட்லைன், 91 என்று தொடங்கும் ஒரு மொபைல், வெளிநாடு ஒன்று, யாருக்கும் ஒதுக்காத நேரடி எண் ஒன்று, அனுமதி இல்லாத நாடு ஒன்று. கடைசி இரண்டும் போகக் கூடாது. ஒவ்வொன்றிலும் எதிர்முனையில் தெரிந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 108க்கும் 112க்கும் நிஜமாக அழைத்து அங்கிருப்பவர்களின் நேரத்தை எடுக்க வேண்டாம்; அந்த எண்கள் எந்த டயல் பியரில் விழுந்து எந்த லைனுக்கு எப்படிப் போகின்றன என்பதை கேட்வேயின் சோதனை வசதியிலேயே திரையில் காட்டச் சொல்லுங்கள். காட்டும்வரை பில்லை நிறுத்தி வையுங்கள்.